சாம்பிராணிப் புகை வெளியே வந்த இடம்

முதலாவது அநியாயம், எங்கள் கருங்காலிப்பட்டு ஏரிக்குள் தோல் தொழிற்சாலையின் கழிவு வாய்க்காலைத் திருப்பிவிட்டது. அதைத் திறந்துவைக்க வந்தவர்களுக்கு மாலை போட்டதும் நாங்கள்தான். இரண்டாவது, சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களுக்குக் கையுறை தருவதாக ஒப்பந்தத்தில் எழுதி, படம் பிடிக்க ஆள் வந்த அன்று மட்டும் கொடுத்து, அன்று மாலையே திரும்ப வாங்கிக்கொண்டது. மூன்றாவது, தோலில் சதை வழிக்கிற இயந்திரத்தில் என் இடது கையின் இரண்டு விரல்கள் போனபோது, பதிவேட்டில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று எழுதி, மிச்சமிருந்த கையால் என்னையே கையெழுத்துப் போடச் சொன்னது. நான்காவது, கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்கிற வேலையை ஒரு மேஸ்திரியிடம் ஒப்படைத்தது. அவன் நோட்டில் பெயர்கள் கிடையாது, தொட்டியில் இறங்குகிற ஆளுக்கு ஒரு கோடு, அவ்வளவுதான். ஐந்தாவது, ஆடி மாதம் மூன்றாம் செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அந்தத் தொட்டியில் நான்கு கோடுகள் இறங்கி, மூன்று கோடுகள் மட்டும் கயிற்றில் மேலே வந்தன; சாயங்காலத்துக்குள் சுண்ணாம்பும் கல்லும் கொட்டி, மறுநாள் காலையில் மேலே கான்கிரீட் போட்டு, அந்தத் தொட்டி போன மாதமே மூடியாகிவிட்டது என்று நிர்வாகம் சொன்னது.

ஆறாவதுக்கு இங்கே இடம் விட்டிருக்கிறேன்.

ஏழாவது, தொட்டியிலிருந்து வராதவனின் மனைவி பவுனம்மா காவல் நிலையத்துக்குப் போனபோது நடந்தது. காணாமல் போனவன் பெயர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்வதில்லை, சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அவர்கள் கணக்கு. பவுனம்மா தன் முன்கையை நீட்டினாள். கல்யாணத்துக்கு முந்தின வாரம் பச்சை குத்திக்கொண்ட பெயர் அதில் இருந்தது. "கையில எழுதினதெல்லாம் ஆவணம் இல்லம்மா, வாயால சொல்லு" என்றார் எழுத்தர். அவள் சொல்லவில்லை. 'கணவன் வீட்டை விட்டு ஓடிவிட்டதாகத் தெரிகிறது, பெயர் தர மறுக்கிறார்' என்று எழுதி மூடிவிட்டார்கள். அதனால் அவள் புருஷன் சாகவும் இல்லை, இருக்கவும் இல்லை, ஓடிப்போனவன் ஆனான்.

நான் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பைத் தாண்டியவன் இல்லை. எழுத்துக் கூட்டிப் படித்ததெல்லாம் துண்டறிக்கைகளில்தான், பிறகு முப்பத்திரண்டு வருஷம் தொழிலாளர் சங்கத்துக்காகத் துண்டறிக்கை எழுதினேன். அதில் நான் கற்றது ஒன்றுதான்: அநியாயங்களை நடந்த வரிசையில் சொல்ல வேண்டும், ஒன்றை முன்னே பின்னே மாற்றினாலும் எதிராளி அந்த இடைவெளியில் காலை நுழைத்துக்கொள்வான். ஆறாவது இடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்து பதினாறாவது நாள், கருமாதி நடந்திருக்க வேண்டிய நாளில், எந்தக் கருமாதியும் நடக்காத அந்தக் காலையில், சங்கத்து மோட்டார் சைக்கிளை வெளியே எடுத்தேன். ராணுவம் கழித்துவிட்ட வண்டி அது, ஒற்றை சிலிண்டர், முந்நூற்றைம்பது சிசி, என்னைவிடப் பத்து வயதுதான் இளையது. உதைத்தால் அது எதிர்த்து உதைக்கும். எங்கள் சங்கத்தில் பாதிப் பேருக்கு முழங்காலில் அதன் அடையாளம் உண்டு, அதனாலேயே அதன்மேல் எங்களுக்கு மரியாதை. அன்று உதைத்தேன், எதிர்ப்பே இல்லை. இல்லாத படியில் கால் வைத்தவன் போலக் கால் கீழே போய்விட்டது. இன்னொரு தடவை உதைத்தேன். அப்படியேதான்.

பேருந்து நிறுத்தத்தை ஒட்டி ஜலால் பாயின் பட்டறை. பழைய வண்டிகள் தவிர வேறெதையும் தொடமாட்டார். புதுசு என்று எவனாவது கொண்டுவந்தால், "இதுக்கு மெக்கானிக் வேணாம், ஸ்க்ரூ டிரைவர் போதும்" என்று துரத்திவிடுவார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனதும் சிரித்தார்.

"இன்னா தலைவரே, வண்டியும் வேலை நிறுத்தமா?"

"கம்ப்ரஷன் இல்ல பாய்."

"அது நான் சொல்லணும். நீ மேடையில பேசு, போ."

அவர் முதலில் கைப்பிடியின் இடதுபக்கம் இருக்கிற சின்ன நெம்புகோலைப் பார்த்தார். பழைய வண்டி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அதை இழுத்தால் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று ஒரு வால்வு வழியாக 'ஸ்ஸ்' என்று வெளியே போய்விடும், ஓடுகிற எஞ்சின் மூச்சு போய் நின்றுவிடும். அந்த வண்டிகளை அப்படித்தான் நிறுத்துவோம். நெம்புகோல் எங்கேயாவது சிக்கித் திறந்தபடியே நின்றிருந்தால் கம்ப்ரஷன் இருக்காது. அது சிக்கவில்லை, ஒழுங்காகத்தான் இருந்தது.

"கடைசியா எப்ப நிறுத்தினே?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

"ரெண்டு வாரமா இதைத் தொடவே இல்லியா நீ? உடம்பு சரியில்லியா?"

நான் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றினேன். அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு, என்னை உதைக்கச் சொன்னார். நல்ல எஞ்சின் என்றால் உள்ளேயிருந்து வரும் காற்று விரலைத் தூக்கி எறியும். அவர் விரல் கோயில் சிலையின் விரல் போல அசையாமல் இருந்தது. வால்வுகளின் இடைவெளியைப் பார்த்தார், சரியாக இருந்தது. துளை வழியாக ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றினார். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்தச் சந்தை அடைத்துக் கொஞ்சமாவது கம்ப்ரஷன் ஏறும், ஏறவில்லை. பிஸ்டனை மேலே நிறுத்தி, வண்டியை கியரில் போட்டு, துளையில் குழாய் பொருத்தி, சைக்கிள் பம்பால் காற்றடித்தார். இது கடைசிச் சோதனை. காற்று எங்கே ஒழுகுகிறதோ அங்கே சத்தம் வரும், கார்பரேட்டரில் வந்தால் ஒரு வால்வு, சைலன்சரில் வந்தால் இன்னொரு வால்வு, கீழே எண்ணெய் ஊற்றுகிற வாயில் வந்தால் வளையம். மூன்று இடத்திலும் காதை வைத்தார். சிலிண்டர் தலையைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழி வரவில்லை. ஐம்பது அடி, நூறு அடி அடித்தார், அடித்த காற்றெல்லாம் உள்ளே போனது, ஒரு துளிகூட வெளியே வரவில்லை, உள்ளேயும் நிற்கவில்லை.

"முப்பது வருஷமா பார்க்கிறேன்" என்று நிமிர்ந்தார். "ஒழுகுற காத்து எங்கியாச்சும் வந்துதான் ஆவணும். இது எங்கே போவுதுன்னே தெரியல."

அன்று வியாழக்கிழமை. வியாழக்கிழமைகளில் தர்காவிலிருந்து ஒரு பக்கீர் தூபக்காலுடன் கடை கடையாக வந்து சாம்பிராணி போட்டுவிட்டுப் போவார். அவரை நிறுத்தி, பம்பின் வாயைத் தூபக்கால் பக்கம் வைத்து, புகையை இழுத்து இழுத்து எஞ்சினுக்குள் அடித்தார் பாய். காற்று தெரியாவிட்டாலும் புகை தெரியுமல்லவா. தூபக்காலில் இருந்த சாம்பிராணி முழுதும் தீர்ந்தது. பட்டறையில் ஒரு நூல் புகை வரவில்லை. பக்கீர், "வண்டிக்கு நல்லா பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போனார்.

அரை மணி நேரம் கழித்து பவுனம்மா வந்தாள். அந்தப் பதினாறு நாளும் அவள் தொழிற்சாலை வாசலுக்கு எதிரே, கான்கிரீட் தளம் கண்ணில் படுகிற இடத்தில், ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் எழுந்து போகவில்லை. இப்போது மூச்சு வாங்க பட்டறை வாசலில் நின்றாள்.

"யாரு இங்க சாம்பிராணி போட்டது?"

"நாங்கதாம்மா. ஏன்?"

"அங்க வருது. தளத்துல ஒரு வெடிப்பு கீது, அதுலருந்து வருது. வாட்ச்மேனும் பார்த்தான். தண்ணி ஊத்திப் பார்த்தான், நிக்கல." அவள் என்னைப் பார்க்காமல் பாயைப் பார்த்தே பேசினாள். "அவரு கீறாரு பாய். மூச்சைப் புடிச்சிக்கினு கீறாரு. அதான் இழுக்குறாரு."

ஜலால் பாய் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம், "லீக் எங்கன்னு தெரிஞ்சிடுச்சு தலைவரே" என்றார், வளையம் தேய்ந்துவிட்டது என்று சொல்கிற அதே குரலில்.

அந்த வாரத்துக்குள் கருங்காலிப்பட்டில் அடைத்து வைத்த காற்று எதுவும் நிற்காமல் போயிற்று. முதலில் சைக்கிள் சக்கரங்கள், பிறகு பேருந்துச் சக்கரங்கள், பிறகு பம்பு ஸ்டவ், பிறகு குக்கர். எல்லையில் நட்ட கல்லைத் தாண்டி ஊருக்குள் வந்த எந்த வண்டியும் பத்தடி உருண்டு சப்பென்று உட்கார்ந்தது. ஊர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. இருக்கிற காற்றை ஒருவன் இழுத்துக்கொண்டிருக்கிறான், அவனுக்கு வேண்டியிருக்கிறது, மற்றவர்களுக்கு எப்படி மிஞ்சும் என்று கேட்டார்கள். தொழிற்சாலைக்குப் பின்னால் மலைபோல் குவிந்துகிடக்கும் ஆட்டு மயிரை அள்ளி வந்து சைக்கிள் டயர்களுக்குள் திணித்துக்கொண்டார்கள், ஓடும்போது வண்டி ஈரக் கம்பளி நாற்றம் அடித்தது, அதற்கும் ஒரு வாரத்தில் மூக்கு பழகிவிட்டது. கோலி சோடாக்காரர், காற்றில்லாமல் கோலி ஏறி மூடாத சோடாவை 'சாந்த சோடா' என்று பெயர் எழுதி விற்றார். ஆரம்ப சுகாதார நிலையத்துக் கம்பவுண்டரின் ரத்த அழுத்தப் பட்டை எவ்வளவு அமுக்கினாலும் கையைப் பிடிக்கவில்லை, ஆகவே அந்த ஆவணி முழுவதும் எங்கள் ஊரில் ஒருவருக்கும் ரத்த அழுத்தம் இல்லை என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. குக்கர் ஊதாததால் பெண்கள் மூடியைத் திறந்து பருப்பை விரலால் நசுக்கிப் பார்த்தார்கள். கால்பந்தில் கந்தல் துணி திணித்து ஆடினார்கள், தலையால் முட்டியவர்கள் மட்டும் திட்டினார்கள்.

பிறகு யாரும் கூடிப் பேசி முடிவு செய்யாமலே ஒரு வழக்கம் வந்தது. முதலில் புங்கந்தாங்கல் காலனியில், பிறகு பாய்மார் தெருவில், பிறகு சாதி பார்த்துத் தண்ணீர் தருகிற மேலத்தெருவில்கூட, காலையில் வாசல் தெளித்த கையோடு சைக்கிள் பம்பை எடுத்துத் தரையில் வைத்து, காற்று போகிற வாயைத் தொழிற்சாலைப் பக்கம் திருப்பி, பத்து அடி அடித்துவிட்டு உள்ளே போனார்கள். பம்பு இல்லாதவர்கள் அடுத்த வீட்டுப் பம்பைக் கேட்டு வாங்கினார்கள். "அடிச்சிட்டியா?" "நேத்தே இன்னிக்கிக்கும் சேர்த்து அடிச்சிட்டேன், ஊருக்குப் போனேன்." "அதெல்லாம் செல்லாது, அவரு நேத்து மூச்சை இன்னிக்கி வெச்சிக்குவாரா?" அவன் பெயரை யாரும் சொல்லவில்லை. காலனிக்காரர்களுக்குத் தெரியும், பவுனம்மாவின் எதிரில் அதைச் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. மற்ற தெருக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் தொழிலாளர் தலைவன்.

ஊருக்குச் சரிப்பட்டது தொழிற்சாலைக்குச் சரிப்படவில்லை. தோலுக்கு வண்ணம் தெளிக்கிற துப்பாக்கிகள் காற்றில் ஓடுகிறவை, அவை ஊமையாயின. லாரிகளின் பிரேக்கும் காற்றில் இயங்குவது. காற்று இல்லாவிட்டால் அந்தப் பிரேக் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், ஆகவே ஏற்றுமதிக்குக் கட்டின தோலோடு பதினான்கு லாரிகள் வாசலில் பாறை போல நின்றன. வெளியூரிலிருந்து மூன்று பொறியாளர்கள் நடந்து வந்தார்கள், அளந்தார்கள், நடந்து போனார்கள். லாரிகள் நின்ற நாலாவது நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு நாற்காலி போட்டார். அந்த அறையில் எனக்கு நாற்காலி போட்டது அதுதான் முதல் தடவை.

"நீலமேகம், நீங்க பெரிய மனுஷன். அந்த அம்மாவுக்கு நாங்க உதவி பண்றோம். அவன் ஓடிப்போனான்னு சங்கத்து லெட்டர்ல ஒரு வரி எழுதிக் கொடுங்க. ஊரு நம்பிட்டா இதெல்லாம் நின்னுடும்."

"தளத்தை உடைங்க சார். ஒரு மணி நேர வேலை."

"உடைக்க அங்க ஒண்ணும் இல்லையே."

"அப்ப புகை?"

"ஈரம்" என்றார் மேனேஜர். "உங்க வண்டி பழசு. புதுசா ஒண்ணு வாங்கித் தர்றோம், செல்ஃப் ஸ்டார்ட்."

நான் எழுந்து வந்தேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அப்படி எழுந்து வருவதற்கு எனக்கு அன்று பெரிய தகுதி எதுவும் இல்லை என்பது அப்போதே எனக்குத் தெரியும்.

லாரிகள் நின்றதால் மேலே தந்தி பறந்தது, ஆள் செத்ததற்குப் பறக்காத தந்தி. விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி, எல்லைக் கல்லில் ஜீப் உட்கார்ந்துவிட்டதால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றில் நடந்து வந்தார். 'வாகனங்கள் ஓடாமைக்கான காரணம்' என்று தலைப்பிட்ட படிவம் அவரிடம் இருந்தது. சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, சுற்றி வளைக்காமல் பேசினார்.

"காரணம் என்னன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. நான் அதை எழுதத் தயார். ஆனா அந்த நாள், அந்த நேரம், அந்த ஆள் தொட்டிக்குள்ள இருந்தார்னு ஒரு சாட்சி வேணும். கூட இறங்கின மூணு பேர் எங்கே?"

"மறுநாளே மேஸ்திரி வேற மாநிலத்துக்கு ஏத்தி அனுப்பிட்டான்."

"மனைவி சொல்றதை மட்டும் வெச்சு எழுதினா மேலே அடிச்சிடுவாங்க. அந்த நேரத்துல விஷயம் தெரிஞ்ச மூணாவது மனுஷர் யாராவது உண்டா? ஒருத்தர் போதும். நாளைக்குக் காலைல தளத்து மேலேயே மேசை போட்டு உட்கார்றேன். இல்லைன்னா 'காரணம் அறிய இயலவில்லை'ன்னு எழுதிட்டுப் போகணும். அப்புறம் அந்த ஃபைலை யாரும் திறக்க மாட்டாங்க."

அவர் போனதும் சங்கச் செயலாளர் தேவசகாயம் கதவைச் சாத்தினான். அவனுக்குத் தெரியும். அன்று அலுவலகத்தில் அவனும் இருந்தான்.

"அண்ணே, வேணாம்."

"நான் ஒண்ணும் சொல்லலியே."

"உங்க மூஞ்சி சொல்லுது. நீங்க எழுந்து நின்னு அதைச் சொன்னா, சங்கம் நாளைக்கே ரெண்டா உடையும். முப்பது வருஷமா கட்டினது. அவங்களுக்கு அதுதானே வேணும்?"

"கட்டினதுல எங்கியோ லீக் கீதுடா."

"தமாசு பண்ணாதீங்க."

"நான் பண்ணல. பாய் சொன்னாரு."

வெயில் இறங்கிய நேரத்தில் பவுனம்மா உட்கார்ந்திருந்த கல்லுக்குப் போனேன். இத்தனை நாளில் அவள் பக்கம் நான் போனது அதுதான் முதல் தடவை. அவள் நகர்ந்து இடம் தரவில்லை, நான் நின்றேன்.

"நாளைக்கு நான் சொல்லப்போறேம்மா. அன்னிக்கு நடந்ததை."

"சொல்லு."

"சொன்னா செத்தவர்னு அவரு பேரை எழுதுவாங்க."

அவள் தளத்தைப் பார்த்தாள். வெடிப்பின் ஓரத்தில் யாரோ செம்பருத்தி வைத்திருந்தார்கள், அதன் இதழ்கள் உள்பக்கமாக மெல்ல இழுபட்டுக்கொண்டிருந்தன.

"எழுதிட்டா அவரு மூச்சை வுட்டுடுவாரு" என்றாள். "பேருக்காவத்தான் புடிச்சிக்கினு கீறாரு. ஊரே பத்துப் பத்து அடி அடிக்குது, நானும் அடிக்கிறேன், எனக்கு அடிக்கும்போதே தெரியுது, இது அவரு உயிரோட வர்றதுக்கு இல்ல, ஓடிப்போனவன்னு சொன்னாங்களே, அதுக்குத்தான் அவரு அங்கியே கீறாரு." பிறகு முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னை நான் மன்னிக்கல. அது வேற. நீ சொல்லு."

மறுநாள் காலை தொழிற்சாலை முற்றத்தில் ஊரே நின்றது. எதிர்ப்புக் கூட்டங்களில் நான் பார்த்த கூட்டத்தைவிடப் பெரிய கூட்டம், ஒரு கோஷம் இல்லை. அதிகாரி கான்கிரீட் தளத்தின்மேல் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார், மேனேஜர் குடைக்குக் கீழே நின்றார், பதினான்கு லாரிகளின் டிரைவர்கள் பானெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். ஜலால் பாய் ஆட்டு மயிர் திணித்த சக்கரங்களோடு சங்கத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மேசைக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்.

"இது எதுக்கு?" என்றார் அதிகாரி.

"இதுவும் சாட்சிதாம்மா" என்று பாய் பிளக்கைக் கழற்றி, துளையில் கட்டைவிரலை வைத்தார். டிரைவர் ஒருவர் வந்து உதைகோலில் காலை வைத்தார்.

நான் துண்டறிக்கையை விரித்து முதலாவது அநியாயத்திலிருந்து படித்தேன். ஒவ்வொன்றுக்கும் டிரைவர் ஒருமுறை உதைத்தார், ஒவ்வொன்றுக்கும் பாய் தலையை ஆட்டினார், இல்லை. மேனேஜர், "இதெல்லாம் விசாரணைக்குச் சம்பந்தமில்லாதது" என்றார். "வரிசையில வருது சார்" என்றேன். ஐந்தாவது முடிந்தது. தாளில் அடுத்த வரி காலியாக இருந்தது. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

"ஆறாவது" என்றேன். "ஆடி மூன்றாம் செவ்வாய், பகல் பதினொன்றே கால். இந்தப் பவுனம்மா சங்க அலுவலகத்துக்கு ஓடி வந்தாள். தன் புருஷன் தொட்டிக்குள் கிடக்கிறான், கயிறு எட்டவில்லை, பக்கத்து ஊர்த் தீயணைப்பு நிலையத்தில் மூச்சு முகமூடி இருக்கிறது, போய்க் கொண்டுவா என்றாள். ஒன்பது கிலோமீட்டர். நான் இந்த வண்டியில் ஏறினேன். ஒரே உதையில் எடுத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவளைக் கேட்டேன், உன் வீட்டுக்காரர் நம் சங்கத்து உறுப்பினரா என்று. இல்லை, மேஸ்திரி ஆள் என்றாள். மறுநாள் எங்களுக்கு நிர்வாகத்தோடு சம்பள உயர்வுப் பேச்சு இருந்தது. மேஸ்திரியின் ஒப்பந்தக் கூலிகளின் விவகாரத்தை அதில் கலக்க வேண்டாம் என்று நாங்கள் முடிவு எடுத்திருந்தோம். நான் இந்த நெம்புகோலை இழுத்தேன்."

இழுத்துக் காட்டினேன். காற்றில்லாத எஞ்சினில் அது சத்தம் எழுப்பவில்லை.

"எஞ்சின் நின்றது. மேஸ்திரியிடம் போய்ச் சொல், அவனிடம் ஜீப் இருக்கிறது என்றேன். இவள் திரும்பி ஓடினாள். அந்த நேரம் அவன் தொட்டிக்குள் இருந்தான் என்பது எனக்குத் தெரியும். ஓடிப்போகவில்லை. சாட்சி நான். இந்த அநியாயம் நிர்வாகம் செய்தது அல்ல. நான் செய்தது. ஆறாவது."

கூட்டத்தில் என் பக்கத்தில் நின்றவர்கள் ஓரடி விலகினார்கள். யாரோ காறித் துப்பினார்கள், அது என் செருப்பருகே விழுந்தது, சரியாகத்தான் விழுந்தது. தேவசகாயம் தலையைக் குனிந்துகொண்டான். நான் குனியவில்லை, அவமானத்தையும் நிமிர்ந்து நின்றே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன், மேனேஜர் அதைப் பார்க்க வேண்டும் என்றும்தான்.

டிரைவர் உதைத்தார்.

ஜலால் பாயின் முகம் மாறியது. "இன்னொரு வாட்டி" என்றார். டிரைவர் உதைத்தார். "தலைவரே" என்றார் பாய், அதற்கப்புறமும் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான், "கொஞ்சம் தள்ளுது. விரலைத் தள்ளுது."

அதிகாரி படிவத்தின் தலைப்பை ஒரு கோடு போட்டு அடித்தார். அதற்கு மேலே 'மரண விசாரணை' என்று எழுதினார். "எழுதறதுக்கு இவங்களுக்கு அதிகாரம் இருக்கா?" என்று மேனேஜர் யாரிடமோ கேட்டார், அவர் பக்கத்தில் யாரும் இல்லை.

"இறந்தவர் பெயர்?" என்றார் அதிகாரி.

பவுனம்மா கூட்டத்திலிருந்து வந்தாள். மேசைக்குப் போகவில்லை, என்னிடம் வந்தாள். வலது கையை முழங்கை வரை நீட்டினாள். பதினேழு வருஷத்துப் பச்சை, வெயிலிலும் சுண்ணாம்பிலும் வெளுத்து, தோலோடு கொஞ்சம் அகன்றுபோயிருந்தது. நான் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன்.

"அவரு அப்பா பேரையும் சேர்த்துப் படி. துலுக்காணம்" என்றாள். "வாய்க்குள்ள படிக்காத. அவருக்குக் கேக்கணும்."

பதினான்கு லாரிக்காரர்களும், நான்கு தெருக்காரர்களும், என்னைப் பார்த்துத் துப்பியவனும், மேனேஜரும், அதிகாரியும், பிளக் துளையில் விரலை வைத்தபடி ஜலால் பாயும் சாட்சியாக நிற்க, காலுக்குக் கீழே இருந்த கான்கிரீட்டைப் பார்த்து, என் குரல் இருந்த மட்டும் உரக்க, அவள் கையிலிருந்து படித்தேன்:

"புங்கந்தாங்கல் காலனி, துலுக்காணம் மகன், கன்னியப்பன்."